தூசியை ஆராய்ந்த எரென்பர்க்

புல்லின் இலையை விரல்களுக்கு இடையில் வைத்து விரைந்து உருவினால் விரலில் கீறல் விழும். காற்றுக்கு வளையும் மெல்லிய இலைக்கு இக்கூர்மை எவ்வாறு வந்தது? மண்ணிலுள்ள நீரில் சிலிக்கா என்னும் பொருள் சிறிதளவு கரைந்திருக்கிறது. மணலும் கண்ணாடியும் பெரும்பாலும் இப்பொருளால் ஆனவையே. வேர் நீரை உறிஞ்சும்போது சிலிக்காவும் உடன் செல்கிறது. நீர் இலைகளின் வழியே ஆவியாகிப் போய்விடுகிறது. சிலிக்காவோ செடியிலேயே தங்கிவிடுகிறது. அது செடியின் உயிரணுக்களுக்குள்ளும் அவற்றின் இடைவெளிகளிலும் படிந்து இறுகுகிறது. தான் படிந்த இடத்தின் வடிவத்தையே தன் வடிவமாகக் கொண்டு, சின்னஞ்சிறு கல்லாகிறது. புல், நெல், கோரை, மூங்கில், வாழை முதலியவற்றில் இத்தகைய கற்கள் மிகுதி. நெல்லுமியை எரித்தபின் எஞ்சும் சாம்பலிற் பெரும்பகுதி சிலிக்காவே ஆகும்.

செடி பட்டுப்போய் மட்கி மண்ணோடு மண்ணாகிய பின்னும் இக்கற்கள் மட்குவதில்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அவை மண்ணில் அப்படியே கிடக்கின்றன. இவற்றைத் தாவரக்கல் என்று கூறலாம். ஒரு மில்லிமீட்டரை நூறு கூறாக்கினால் அவற்றுள் ஒரு சில கூறுகளின் அளவே இருக்கும் இவற்றை, நுண்ணோக்கியின் துணையின்றிக் காண இயலாது. பழங்கால மக்கள் எதனைப் பயிரிட்டனர், இன்று பாலையாய்க் கிடக்கும் நிலம் முன்னொரு காலத்தில் புல்வெளியாய் இருந்ததா, காடாய் இருந்ததா என்பன போன்ற வினாக்களுக்கு இக்கற்களே விடை கூறுகின்றன. ஆயினும், ஓர் ஆராய்ச்சியாளர் ஓரிடத்திற் கண்ட கல்லும் மற்றொருவர் வேறோரிடத்திற் கண்ட கல்லும் ஒன்றே எனத் துணிவதற்கு அக்கல்லுக்கு ஒரு பெயர் வேண்டும். பெயரில்லாத பொருளைப் பற்றி இருவர் பேசிக்கொள்வது அரிது. மண்ணிலும் தூசியிலும் கிடந்த தாவரக்கற்களுக்கு முதன்முதலாக ஒழுங்குபடப் பெயர்களை இட்டு வகைப்படுத்தியவர் கிறிஸ்தியன் காட்ஃபிரீட் எரென்பர்க் என்னும் ஜெர்மானிய அறிஞர் ஆவார்.

எரென்பர்க் 1795-ஆம் ஆண்டு ஏப்ரல் 19-ஆம் நாள், லைப்சிக் நகருக்கு அண்மையிலுள்ள டெலிட்ச் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் நீதித்துறையில் பணியாற்றியவர். இளமையில் எரென்பர்க் லைப்சிக் பல்கலைக்கழகத்திற் சேர்ந்து இறையியல் கற்கத் தொடங்கினார். ஆனால் அவர் உள்ளம் அதில் நிலைக்கவில்லை. பெர்லினுக்குச் சென்று மருத்துவமும் இயற்கை அறிவியலும் பயின்றார். 1818-இல் டாக்டர் பட்டத்துக்காக அவர் எழுதிய ஆராய்ச்சியுரை பெர்லின் நகரைச் சூழ்ந்த காடுகளில் முளைக்கும் காளான்களைப் பற்றியது. காளானும் பூஞ்சணமும் அழுகிய பொருளிலிருந்து தாமே தோன்றுகின்றன என்று அந்நாளிற் பலரும் நம்பினர். அவை தம்மினத்தின் நுண்ணிய வித்துகளிலிருந்தே முளைக்கின்றன என்பதை எரென்பர்க் தம் கண்ணாற் கண்டு காட்டினார். மிகச் சிறியவற்றைப் பொறுமையோடு நோக்கும் பழக்கம் அவருக்கு அப்போதே கைவந்துவிட்டது.

1820-இல் அவரும் அவருடைய உயிர்த்தோழர் வில்ஹெல்ம் ஹெம்ப்ரிக்கும் எகிப்து நாட்டுக்குப் புறப்பட்டனர். பழம்பொருள்களை ஆராயச் சென்ற குழு ஒன்றுடன் முதலிற் சேர்ந்து சென்ற அவர்கள், பின்னர்த் தனித்து நின்று பயணத்தைத் தொடர்ந்தனர். லிபியப் பாலைவனம், நைல் ஆற்றங்கரை, சிரியா, செங்கடற் கரைகள், அபிசீனியா எனப் பல நிலங்களில் அவர்கள் சுற்றித் திரிந்தனர். சினாய்க் கரையிலுள்ள தோர் என்னும் துறையில், கடல்நீர் குருதிபோற் சிவந்திருந்த காட்சியை 1823-இல் எரென்பர்க் கண்டார். அந்நீரை எடுத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார். நீர்மேல் மிதந்த நுண்ணிய உயிர்களின் கற்றைகளே சிவப்புக்குக் காரணம் என்பது விளங்கியது. அவ்வுயிருக்கு அவர் இட்ட டிரைக்கோடெஸ்மியம் என்னும் பெயர் இன்றும் வழங்குகிறது.

பயணம் அளித்த பயன் பெரிது. அதற்குக் கொடுத்த விலை அதனினும் பெரிது. வெயிலும் காய்ச்சலும் உடன்வந்தோர் பலரைக் கொண்டுபோயின. 1825-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் செங்கடற் கரையிலுள்ள மசாவா துறைமுகத்தில் ஹெம்ப்ரிக்கும் காய்ச்சலால் மாண்டார். அப்போது அவருக்கு முப்பது வயதும் நிரம்பவில்லை. ஏறத்தாழ 46,000 செடி மாதிரிகளும் 34,000 விலங்கு மாதிரிகளும் பெர்லினை அடைந்தன; அவற்றைச் சேர்த்த இருவருள் ஒருவரே ஊர் திரும்பினார். அத்தொகுதிகளைப் பற்றி எரென்பர்க் எழுதத் தொடங்கிய பெருநூல் முற்றுப்பெறவில்லை. எனினும் அதன் பகுதிகளைத் தம் பெயராலும் மறைந்த தோழர் பெயராலும் சேர்த்தே அவர் வெளியிட்டார். இன்றும் அவ்விருவர் பெயரையும் சேர்த்தே தாங்கி நிற்கும் உயிரினங்கள் பல உள்ளன.

1827-இல் எரென்பர்க் பெர்லின் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பேராசிரியரானார். 1829-இல் புகழ்பெற்ற அறிஞர் ஹம்போல்ட்டுடன் ரஷ்ய நாட்டின் ஊடே யூரல், அல்டாய் மலைகளையும் கடந்து சீன எல்லைவரை சென்று மீண்டார். அதன்பின் அவர் நெடும்பயணம் மேற்கொள்ளவில்லை. உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் ஒரு சிட்டிகை மண்ணும் ஒரு துளி நீரும் அவருடைய மேசையைத் தேடி வரலாயின.

அந்நாளில் நுண்ணுயிர் உலகம் பெயரற்ற உலகமாய் இருந்தது. உயிர்களுக்கு இரட்டைப் பெயரிடும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸ்கூட, நீர்த்துளியில் நெளியும் நுண்ணுயிர்களைக் கேயாஸ், அதாவது பெருங்குழப்பம், என்னும் பெயரின்கீழ் ஒருங்கே ஒதுக்கிவிட்டார். அக்குழப்பத்தை ஒழுங்குபடுத்துவதை எரென்பர்க் தம் வாழ்நாட்பணியாக மேற்கொண்டார். பாக்டீரியம் என்னும் பெயரை உயிரினப் பெயராக முதலில் இட்டவர் அவரே. 1838-இல் வெளிவந்த அவருடைய பெருநூலில் 64 படத்தட்டுகள் இருந்தன. உருவங்களைத் தம் கையாலேயே வரைந்திருந்தார்.

அந்நூலில் பெரும்பிழை ஒன்றும் இருந்தது. நுண்ணுயிர்களுக்கு அவர் அவுரிச் சாயத்தை உணவாக ஊட்டிப் பார்த்தார். அவற்றின் உடலில் நீலப் புள்ளிகள் பல தோன்றின. அப்புள்ளிகள் ஒவ்வொன்றும் ஒரு வயிறு என்று அவர் கருதினார். பெரிய விலங்குகளுக்குள்ள உறுப்புகள் யாவும் நுண்ணுயிருக்கும் உண்டு என்று துணிந்தார். பிரெஞ்சு அறிஞர் துஜார்தேன் இது தவறு எனக் காட்டினார். எரென்பர்க்கோ தம் கொள்கையை எளிதில் விட்டுக்கொடுப்பவர் அல்லர். கண் கண்டதை வரைவதில் அவருக்கு நிகரானவர் அந்நாளில் இல்லை. கண்டதற்குப் பொருள் கூறும்போதுதான் அவர் சில வேளைகளில் வழுவினார். இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டால் அவருடைய பிற்காலப் பணியையும் நன்கு மதிப்பிடலாம்.

1836-இல் பொஹீமியா நாட்டுப் பீலின் என்னும் ஊரின் மெருகுக்கல்லை அவர் ஆராய்ந்தார். உலோகங்களைத் துலக்கப் பயன்படும் மென்மையான கல் அது. அக்கல் முழுவதும் நுண்ணுயிர்களின் சிலிக்கா ஓடுகளால் ஆனது என்று கண்டபோது அறிவுலகம் வியந்தது. ஒரு கன அங்குலத்தில் அவ்வோடுகள் நாலாயிரத்து நூறு கோடி இருக்கும் என்பது அவருடைய கணக்கு. கண்ணுக்குத் தெரியாதவை பாறைகளையே ஆக்கியுள்ளன என்னும் இக்கண்டுபிடிப்புக்காக இலண்டன் நிலவியற் கழகம் 1839-இல் அவருக்கு வொல்லாஸ்டன் பதக்கம் வழங்கியது.

மண்ணையும் தூசியையும் இவ்வாறு துருவி ஆராய்ந்தபோது, உயிர்களின் ஓடுகளோடு வேறு சில உருவங்களும் அவர் கண்ணிற் பட்டன. சில தூண்போல் நீண்டிருந்தன; சில பல்போற் கூர்த்திருந்தன; சில வாளின் பற்களைப்போல் விளிம்பு அரியப்பட்டிருந்தன. அவை தனி உயிர்கள் அல்ல என்பதை எரென்பர்க் உணர்ந்தார். உயிருள்ள செடிகளில் இத்தகைய சிலிக்கா உருவங்கள் இருப்பதை ஸ்ட்ரூவே என்பவர் 1835-இலேயே கண்டு எழுதியிருந்தார். மட்கிப்போன செடிகளின் எச்சமே மண்ணிற் கிடக்கும் இவ்வுருவங்கள் எனத் தெளிந்த எரென்பர்க், அவற்றுக்குப் பைட்டோலித்தேரியா என்று பொதுப்பெயர் இட்டார். செடி, கல் என்னும் பொருளுடைய இரண்டு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது.

பொதுப்பெயரோடு அவர் நிற்கவில்லை. லின்னேயஸ் காட்டிய வழியில் ஒவ்வொரு வடிவத்துக்கும் இரட்டைப் பெயர் வைத்தார். தூண்போன்றவற்றை லித்தோஸ்டைலிடியம் என்றார். அதன் பொருள் கல்தூண் என்பது. பல்போன்றவை லித்தோடான்டியம் ஆயின. தோல்போற் பரந்தவை லித்தோடெர்மாட்டியம் ஆயின. இடை சிறுத்து இருபுறமும் விரிந்த ஒரு வடிவம், மணற்கடிகாரத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் கிளெப்சாமிடியம் எனப் பெயர் பெற்றது. பெயரைக் கேட்ட அளவில் உருவம் மனக்கண்முன் தோன்றவேண்டும் என்பதே அவர் நோக்கம் போலும். பெயருடன் படமும், மாதிரி கிடைத்த இடமும் தவறாமற் குறிக்கப்பட்டன.

இப்பெயர்களால் விளைந்த பயன் ஒரு கடற்பயணத்தின் கதையால் விளங்கும். 1832-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் பீகிள் என்னும் கப்பல் ஆப்பிரிக்காவுக்கு மேற்கே உள்ள வெர்டி முனைத் தீவுகளை நெருங்கியது. அதிற் சென்ற இளைஞர் சார்லஸ் டார்வின், காற்று மங்கலாய் இருப்பதையும், பாய்மர உச்சியிலிருந்த காற்றுக்காட்டியின் வலைத்துணியில் பழுப்புநிறத் தூசி படிந்திருப்பதையும் கண்டார். அதனை ஒரு சிறு பொட்டலமாகக் கட்டி வைத்துக்கொண்டார். அத்தீவுகளுக்கு வடக்கே வேறொரு கப்பலில் விழுந்த தூசியை நான்கு பொட்டலங்களாக நிலவியல் அறிஞர் லையல் பின்னர் அவருக்குக் கொடுத்தார். இவ்வைந்தையும் டார்வின் பெர்லினுக்கு அனுப்பினார். பிறர் கண்ணுக்கு வெறும் அழுக்காய்த் தோன்றும் அத்தூசியில் எரென்பர்க் 67 வேறுவேறு உருவங்களைப் பிரித்தறிந்து பட்டியல் வகுத்தார். நுண்ணுயிர்களின் ஓடுகளோடு செடிகளின் சிலிக்காக் கற்களும் அவற்றில் நிறைந்திருந்தன. அவற்றுள் இருந்த நுண்ணுயிர்கள், இரண்டொழிய, நன்னீரில் வாழ்பவை. ஆகவே கடல்நடுவே விழுந்த தூசி கடலிற் பிறந்ததன்று. தொலைவிலுள்ள நிலத்திலிருந்து காற்று சுமந்து வந்தது என்பது உறுதியாயிற்று.

எந்த நிலத்திலிருந்து? அங்கேதான் சிக்கல் எழுந்தது. காற்றின் திசையையும் தூசி விழும் காலத்தையும் கொண்டு அது ஆப்பிரிக்கத் தூசியே என டார்வின் முடிவு செய்தார். எரென்பர்க்கின் பட்டியலோ வேறு குறிப்புக் காட்டியது. ஆப்பிரிக்காவுக்கே உரியவை என அவர் அறிந்திருந்த நுண்ணுயிர்களில் ஒன்றும் அத்தூசியில் இல்லை. தென்னமெரிக்காவில் மட்டுமே வாழ்வன என அவர் கருதிய இரண்டு அதில் இருந்தன. டார்வினே இதனை வியப்புக்குரிய செய்தியாகக் குறித்துள்ளார். சகாராப் பாலைவனத்தின் தூசி அட்லாண்டிக் கடலைக் கடந்து அமெரிக்கக் கண்டம்வரை செல்கிறது என்பதை இன்று எல்லோரும் அறிவர். டார்வின் கருத்தே சரியாயிற்று. பெயர்ப்பட்டியல் எவ்வளவு நுட்பமாய் இருப்பினும், அதுவரை எங்கெங்கு மண் எடுத்துப் பார்க்கப்பட்டதோ அவ்விடங்களைப் பற்றியே அது பேசும். ஆப்பிரிக்காவின் உள்நாட்டு மண் பெரும்பாலும் அப்போது எவர் மேசைக்கும் வந்திருக்கவில்லை.

தாவரக்கற்களின் பெயர்களில் மற்றொரு குறையும் மறைந்திருந்தது. ஒரு புலிக்கு ஒரு பெயர், ஒரு மயிலுக்கு ஒரு பெயர் என இனத்துக்கு ஒரு பெயராக அமைந்தது லின்னேயஸின் முறை. தாவரக்கல் அத்தகையதன்று. ஒரே புல்லின் இலையில் ஒரு வடிவமும் தண்டில் மற்றொரு வடிவமும் கதிரில் வேறொரு வடிவமும் இருக்கக்கூடும். ஒன்றுக்கொன்று உறவில்லாத பல செடிகளில் ஒரே வடிவம் இருத்தலும் உண்டு. எனவே தனித்தனி இனங்களைப்போல் எரென்பர்க் பெயரிட்டவை உண்மையில் இனங்கள் ஆகா. கடற்பஞ்சின் சிலிக்கா முட்களையும் அவர் செடிகளின் கற்களோடு சேர்த்தே எண்ணினார். கடற்பஞ்சு செடியன்று, விலங்கு என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

தம் ஆராய்ச்சியின் பெருந்தொகுப்பை 1854-இல் மைக்ரோஜியாலஜி என்னும் நூலாக எரென்பர்க் வெளியிட்டார். பல நாடுகளின் மண், சேறு, பாறை, தூசி ஆகியவற்றிற் கண்ட நுண்பொருள்களின் படங்கள் அதில் இடம்வாரியாக அடுக்கப்பட்டுள்ளன. தாவரக்கற்கள் ஏறத்தாழ ஒவ்வொரு நிலப்பகுதியிலும் இடம்பெறுகின்றன. அவருடைய முதிய பருவத்தில் மகள் கிளாரா அவர் பணிக்கு உறுதுணையாய் இருந்தார். நெதர்லாந்து நாட்டு அறிவியற் கழகம் நுண்ணுயிர் ஆராய்ச்சிக்கென ஏற்படுத்திய லேவன்ஹூக் பதக்கத்தை முதலிற் பெற்றவரும் எரென்பர்க்கே. டார்வினின் பரிணாமக் கொள்கையை மட்டும் அவர் இறுதிவரை ஏற்றுக்கொள்ளவில்லை. 1876-ஆம் ஆண்டு ஜூன் 27-ஆம் நாள், எண்பத்தோராம் வயதில், பெர்லின் நகரில் அவர் காலமானார்.

அவருக்குப் பின் வந்த தாவரவியலார் மண்ணை விடுத்துச் செடியையே அறுத்துப் பார்த்தனர். எந்தச் செடியின் எந்த உறுப்பில் எந்தக் கல் உண்டாகிறது என ஆராய்ந்து எழுதினர். எரென்பர்க்கின் இரட்டைப் பெயர்கள் மெல்ல மெல்ல வழக்கொழிந்தன. அவற்றின் இடத்தில் ஒரே முறை வந்து அமர்ந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும், அவ்வாறு நிகழவில்லை. நாட்டுக்கு ஒரு பெயரும் ஆய்வாளருக்கு ஒரு பெயரும் முளைத்தன. 1969-இல் அமெரிக்க அறிஞர் சிலர் புல்லினத்தின் பிரிவுகளையே அடிப்படையாகக் கொண்டு நான்கு வகுப்புகளும் 26 வகைகளும் அமைத்தனர். ஆனால் ஒரு பிரிவின் பெயரைத் தாங்கிய வடிவம் மற்றொரு பிரிவுப் புல்லிலும் காணப்பட்டபோது அப்பெயரே மயக்கத்துக்கு இடமாயிற்று. இரு தலையும் பருத்து நடுவே மெலிந்த கல்லை ஒருவர் உடற்பயிற்சிக் குண்டு என்றார். மற்றொருவர் இருமடல் என்றார். இருவர் எழுதியதையும் படிப்பவர், கற்கள் இரண்டு வகை என்றே எண்ணிவிடுவார். அகழ்ந்தெடுத்த ஓர் ஊரின் மண்ணில் உள்ளது பயிரின் கல்லா, காட்டுப்புல்லின் கல்லா என்று வழக்கு எழும்போது இத்தகைய மயக்கம் சிறு குறையன்று. அவ்வூர் மக்களின் வேளாண்மை வரலாறே அதனால் மாறிப்போகும்.

இக்குழப்பத்தைத் தீர்க்கப் பன்னாட்டு அறிஞர் கூடி 2005-இல் தாவரக்கற்களுக்கான பெயரீட்டு விதிகளை வெளியிட்டனர். கல்லின் வடிவம், அதன் மேற்பரப்பின் தன்மை, தெரிந்தவிடத்து அது செடியின் எப்பகுதியில் உண்டானது என்னும் செய்தி ஆகியவற்றிலிருந்தே பெயர் அமையவேண்டும் என்று அவ்விதிகள் கூறின. புதுவகை ஒன்றை அறிவிப்பவர் அளவும் படமும் தருதல் வேண்டும். 2019-இல் அவ்விதிகள் திருத்தப்பட்டு, மிகுதியாகக் காணப்படும் 19 வடிவங்களுக்குப் பெயரும் விளக்கமும் படமும் வரையறுக்கப்பட்டன. உடற்பயிற்சிக் குண்டு என்றும் இருமடல் என்றும் வழங்கிய கல், பைலோபேட் என்னும் ஒரே பெயரைப் பெற்றது. எரென்பர்க் இட்ட இனப்பெயர்கள் அப்பத்தொன்பதில் இல்லை. ஆயினும், உருவத்தை நோக்கிப் பெயரிடுதல், படம் தருதல் ஆகிய இரண்டும் அவர் மேசையில் நாள்தோறும் நடந்த செயல்களே.

அவர் ஆராய்ந்த பொருள்கள் பெர்லின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மெல்லிய அப்பிரகத் தகட்டில் கனடாப் பிசினைக் கொண்டு அவர் பதித்து வைத்த நுண்ணோக்கி மாதிரிகள் ஏறத்தாழ 40,000. மண்ணும் தூசியுமாக மாதிரிகள் 5,000 வரை. அவர் வரைந்த படங்கள் சுமார் 3,000. ஒவ்வொன்றும் எவ்விடத்தது என்னும் குறிப்பு உடன் இருப்பதால், பழைய பெயர் எக்கல்லைச் சுட்டியது என ஐயுறுவோர் அக்கல்லையே எடுத்துப் பார்க்கலாம். டார்வின் அனுப்பிய தூசியும் அங்கேதான் உள்ளது. அதனை மீண்டும் எடுத்து ஆராய்ந்த அறிஞர்கள், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பொட்டலத்துக்குள் கிடந்த அத்தூசியிலிருந்து பாக்டீரியங்களையும் பூஞ்சணங்களையும் உயிரோடு வளர்த்தெடுத்து, அச்செய்தியை 2007-இல் வெளியிட்டனர்.